பூல் டேபிளில் பந்தயம்: தமிழ்நாட்டில் சட்டம் எதுவரை விடும்?

கோலால் பந்துகளை அடித்து மேசையின் குழிகளில் விழ வைக்கும் பூல் ஆட்டத்தின் பார்லருக்குப் புதிதாகப் போகத் தொடங்கியவரிடம் சில நாளிலேயே யாராவது கேட்டுவிடுவார்: "சும்மா ஆடினா என்ன இருக்கு ப்ரோ, ஃப்ரேமுக்கு இருநூறு வெச்சுக்கலாமா?" ஃப்ரேமுக்கு, அதாவது ஓர் ஆட்டத்துக்கு, வைக்கும் அந்த இருநூறு ரூபாய் குற்றமா இல்லையா என்பதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. எந்த ஆட்டம் ஆடுகிறீர்கள், பந்தயம் கட்டுவது ஆடுகிறவரா பக்கத்தில் நிற்பவரா, அதில் யாருக்கு லாபம் போகிறது, பணம் எந்த வழியாகக் கைமாறுகிறது என்ற நான்கையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு விதத்தில் அது நீதிமன்றத்தில் வசூலிக்க முடியாத வாய்ப்பேச்சு மட்டுமே. இன்னொரு விதத்தில் அதே தொகை உங்களைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்துவிடும்.

நான்கிலும் கனமானது லாபம் யாருக்கு என்பதுதான். பார்லர்காரர் டேபிளுக்கு வாடகை வாங்குவது தொழில். பந்தயத்தில் பங்கு வாங்கினால் அந்த இடம் சூதாட்ட விடுதி ஆகிவிடும். இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

உங்கள் ஊருக்கு எந்தச் சட்டம்?

பந்தயமும் சூதாட்டமும் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 34ஆம் பதிவில் வருகின்றன. அதனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். தமிழ்நாட்டில் இரண்டு பழைய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. சென்னை மாநகரத்தில் 1888ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டம். மதுரை, கோவை மாநகரங்களுக்கும் அது 1987இல் நீட்டிக்கப்பட்டது. மாவட்டங்களில் 1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம். வழக்கு வந்தால் முதல் தகவல் அறிக்கையில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் வழக்கறிஞர் முதலில் கேட்பார். நீங்கள் ஆடும் பார்லர் எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருங்கள்.

இரண்டு சட்டங்களும் ஒரே அச்சில் வார்த்தவை. இரண்டிலும் மையமான சொல் 'பொதுச் சூதாட்ட விடுதி'. சீட்டு, தாயக்கட்டை, மேசை அல்லது வேறு சூதாட்டக் கருவிகளை வைத்து, அந்த இடத்தை நடத்துகிறவர் அதனால் லாபம் பார்த்தால் அது பொதுச் சூதாட்ட விடுதி. லாபம் கருவிக்கான கட்டணமாக வந்தாலும் சரி, இடத்துக்கான கட்டணமாக வந்தாலும் சரி. நடத்துகிறவருக்கு ஒரு பிரிவு, ஆடுகிறவருக்கு ஒரு பிரிவு. அங்கே சூதாட்டம் நடக்கும்போது பிடிபடுகிறவர் சூதாடத்தான் வந்திருக்கிறார் என்ற அனுமானமும் உண்டு. 'நான் வேடிக்கை பார்த்தேன்' என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

இதைப் படித்தால் எந்த பூல் பார்லரும் தப்ப முடியாது என்றே தோன்றும். காப்பாற்றுவது விலக்குப் பிரிவு: 1930 சட்டத்தில் 11, 1888 சட்டத்தில் 49. சூதாட்ட விடுதி பற்றிய பிரிவுகள் திறமையால் மட்டுமே ஆடும் ஆட்டங்களுக்குப் பொருந்தா என்று இரண்டும் சொல்கின்றன.

ஒரு சின்ன ஓட்டையைக் கவனியுங்கள். 1930 சட்டத்தின் 11ஆம் பிரிவு 5 முதல் 10 வரையான பிரிவுகளுக்குத்தான் விலக்குத் தருகிறது. பொது வீதியிலும் பொது இடத்திலும் சூதாடுவதைத் தண்டிக்கும் 12ஆம் பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. திருவிழாத் திடலில், பொருட்காட்சியில், சாலையோரத்தில் டேபிள் போட்டிருந்தால் அங்கே காசு வைத்து ஆட வேண்டாம். பார்லருக்குள் எடுபடும் வாதம் அங்கே அப்படியே எடுபடாது.

பூல் திறமை ஆட்டமா? எல்லா பூலும் ஒன்றல்ல

'திறமையால் மட்டுமே' என்றால் அதிர்ஷ்டம் துளியும் இருக்கக் கூடாது என்று பொருளில்லை. 1957இல் சாமர்பாக்வாலா வழக்கிலும், 1968இல் ஆந்திரப் பிரதேச அரசு எதிர் சத்தியநாராயணா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைப் பேசிவிட்டது. திறமைதான் ஓங்கி நிற்கிறதா என்பதே அளவுகோல். தமிழ்நாட்டுக்கு நேரடியாகப் பொருந்துவது 1996இல் வந்த டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கின் தீர்ப்பு. நாம் பேசும் இந்த இரண்டு சட்டங்களையே வைத்து, குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம், அதன்மேல் கட்டும் பந்தயம் இந்தச் சட்டங்களின்படி சூதாட்டமல்ல என்று சொன்னார்கள்.

கோணம் கணிப்பது, கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்தான கியூ பாலை அடுத்த அடிக்குத் தோதான இடத்தில் நிறுத்துவது, எதிராளியை மறைப்பில் மாட்டுவது இவற்றால் நடக்கும் பூல் அந்த அளவுகோலில் வசதியாகவே தேறும். ஆனால் பார்லரில் பூல் என்ற பெயரில் நடப்பதெல்லாம் ஒரே ஆட்டமல்ல.

8ஆம் எண் பந்தைக் கடைசியாகப் போடும் எய்ட் பாலில், எந்தப் பந்தை எந்தப் பாக்கெட்டில் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆடினால் ஃப்ளூக்குக்கு, அதாவது தற்செயலாகப் பந்து விழுவதற்கு, இடம் மிகக் குறைவு. பத்துப் பந்து வைத்து ஆடும் டென் பாலும் அப்படித்தான். நைன் பாலில் சொல்லி அடிக்க வேண்டியதில்லை. சரியான பந்தை முதலில் தொட்டுவிட்டால் 9ஆம் எண் பந்து எப்படி விழுந்தாலும் வெற்றிதான், ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடியான பிரேக்கிலேயே விழுந்தாலும். அதிர்ஷ்டத்தின் பங்கு அங்கே கூடுகிறது. அதனால் ஒரே ஃப்ரேமுக்குப் பந்தயம் வைப்பதும், 'முதலில் ஏழு' ஃப்ரேம் ஜெயித்தவருக்கு என்று நீண்ட ஆட்டத்துக்கு வைப்பதும் வாதத்தில் ஒன்றாக நிற்கா. ஆட்டம் நீள நீளத் திறமைதான் மேலே வரும்.

விலகி நிற்க வேண்டியவை இரண்டு. ஒன்று கார்டு பூல். ஆளுக்கு இத்தனை சீட்டு எடுத்து, சீட்டிலுள்ள எண்ணுக்குரிய பந்துகள் விழுந்தால் சீட்டைப் போட்டுவிடுவது. இரண்டாவது, குடுவையைக் குலுக்கி எண் போட்ட சிறு வில்லைகளை எடுத்து ஆடும் கெல்லி பூல். யாருக்கு எந்தப் பந்து என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்கிறது. திறமை ஓங்கி நிற்கிறது என்று சொல்வது இங்கே கடினம். அதைவிடப் பெரிய சிக்கல், டேபிளின் ஓரத்தில் சீட்டுக்கட்டும் பணமும் கிடப்பது. சோதனையில் சூதாட்டக் கருவிகள் அகப்பட்டால் அந்த இடம் சூதாட்ட விடுதி என்பதற்கு அதையே சான்றாகக் கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. கார்டு பூலைக் காசில்லாமல் ஆடுங்கள், நன்றாகவே இருக்கும்.

திறமை ஆட்டம் என்றால் காசு வைக்கலாமா?

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். ஆட்டம் திறமையானது என்பது ஒரு கேள்வி. அதைக் காசு வைத்து ஆடலாமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குத் தமிழ்நாட்டில் பதில் பலமுறை ஊசலாடியிருக்கிறது.

2012 மார்ச்சில் மகாலட்சுமி கலாசாரச் சங்கம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, ரம்மியைப் பணம் வைத்து ஆடினால் காவல் துறை நடவடிக்கை எடுக்கலாம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2015இல் சங்கம் தன் மூல மனுவையே திரும்பப் பெற்றுக்கொண்டதால் உயர் நீதிமன்றத்தின் அந்தக் கருத்துகளும் நிலைக்கவில்லை. பிறகு, திறமை ஆட்டமானாலும் பணம் வைத்தால் குற்றம் என்று 11ஆம் பிரிவையே அரசு திருத்தியது. முதலில் 2020 நவம்பரில் அவசரச் சட்டமாகவும் பின் 2021இல் சட்டமாகவும் வந்த அந்தத் திருத்தம் நின்றிருந்தால், இரண்டு நண்பர்கள் நூறு ரூபாய் வைத்து ஆடும் எய்ட் பாலும் குற்றமாகியிருக்கும். 2021 ஆகஸ்டு 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. பழைய விலக்கை நம்பி எதையும் பெரிதாகத் திட்டமிடுகிறவர்கள், அன்றைய நிலை என்ன என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

ஆக, இரண்டு பேர் தங்கள் சொந்த ஆட்டத்தின்மேல் தங்களுக்குள் சிறு தொகை வைத்து, பார்லருக்கு அதில் ஒரு பைசாவும் போகாமல் ஆடினால், அது குற்றமல்ல என்று வாதிட வலுவான அடிப்படை இருக்கிறது. ஆனால் அது வாதம்தான், கையில் வைத்திருக்கும் அனுமதிச் சீட்டல்ல. காவல் துறை வழக்குப் போடுவதை அது தடுக்காது. பின்னால் நீதிமன்றத்தில் பயன்படும், அவ்வளவே.

தமிழ்நாட்டைத் தாண்டினால் இந்த வாதமும் போய்விடலாம். தெலங்கானா 2017இல் கொண்டுவந்த திருத்தம், திறமை ஆட்டத்தின் முடிவின்மேல் பணம் வைப்பதையும் பந்தயம் என்ற சொல்லுக்குள் அடக்கிவிட்டது. ஹைதராபாத் பார்லரில் சென்னைப் பழக்கத்தைக் காட்ட வேண்டாம்.

பார்லரை எப்படிச் சோதிப்பது

1968 சத்தியநாராயணா தீர்ப்பின் ஒரு பகுதியை ஒவ்வொரு பார்லர்காரரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சிகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி நடந்தது. ஆட்டக் கட்டணமாகக் கிளப் ஒரு சிறு தொகை வாங்கியது, நேரம் கடந்து உட்கார்ந்தால் கூடுதல் கட்டணம். இடத்துக்கும் வசதிக்குமான நியாயமான கட்டணம் சூதாட்ட லாபமாகாது என்று சொல்லி, அவர்களுக்கு உயர் நீதிமன்றம் தந்த விடுதலையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே மூச்சில், பணம் வைத்து ஆடும் ஆட்டத்தால் இடத்தை நடத்துகிறவர் லாபம் பார்த்தால் குற்றம் நிரூபணமாகலாம் என்றும் எச்சரித்தது. ரம்மியே திறமை ஆட்டம் என்று சொன்ன தீர்ப்பில்தான் இந்த எச்சரிக்கையும் இருக்கிறது. ஆட்டம் திறமையானது என்பதை மட்டும் வைத்து பார்லர்காரர் தப்பிவிட முடியாது.

காசு வைத்து ஆடுவதோ இல்லையோ, தொடர்ந்து போகப்போகிற பார்லரை இப்படிப் பார்த்துவிடுங்கள்.

1. கட்டணப் பலகை. மணிக்கு இவ்வளவு அல்லது ஃப்ரேமுக்கு இவ்வளவு என்று சுவரில் எழுதியிருக்க வேண்டும். காசு வைத்து ஆடும் டேபிளுக்கு ஒரு விலை, மற்றவற்றுக்கு ஒரு விலை என்றிருந்தால் அந்த வித்தியாசம்தான் பந்தய லாபம்.

2. பில். கணினியில் நேரம் ஓடி, முடிந்ததும் பில் வரும் இடம் நல்லது. "ஜெயிச்சவர் நூறு கொடுத்துட்டுப் போங்க" என்று கணக்கில்லாமல் கேட்பது பங்கு. அதை டிப்ஸ் என்றாலும் பங்குதான்.

3. மார்க்கர். ஸ்கோர் எழுதவும் பந்து அடுக்கவும் இருப்பவர். பந்தயப் பணத்தை அவர் சட்டைப் பையில் வைத்திருந்தால், அவர் வழியாக பார்லரே பந்தயத்துக்குள் வந்துவிடுகிறது. பணம் பிடித்துக்கொள்ளும் வேலையை ஊழியரிடம் ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

4. உரிமம். வணிக உரிமம் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா, பார்லர் என்ன பெயரில் என்ன தொழிலுக்குப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். 'மனமகிழ் மன்றம்' என்ற பலகைக்குப் பின்னால் உள்ளறையில் சீட்டுக் கச்சேரி நடந்தால், சோதனை வரும் நாளில் முன்னறையில் கியூ கோலைப் பிடித்து நிற்பவரும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

5. பள்ளிப் பிள்ளைகள். 18 வயது நிறையாதவர்களைக் காசு ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் இடத்துக்கு மறுபடி போகாதீர்கள். இதில் சமாதானமே வேண்டாம்.

ஐந்தையும் பார்க்க ஒரு மாலை நேரம் போதும். டேபிளில் உட்காராமல் ஓரமாக ஒரு டீ குடித்தபடி பார்த்தாலே தெரிந்துவிடும்.

பக்கத்தில் நிற்பவர்களின் பந்தயம்

நன்றாக ஆடும் இருவர் மோதினால் சுற்றிலும் கூட்டம் சேரும். "ரெட் டீஷர்ட்டுக்கு ஐநூறு" என்று ஒருவர் ஆரம்பிப்பார், இன்னொருவர் எல்லோருடைய பணத்தையும் வாங்கி ஒரு தாளில் எழுதுவார். எழுதுகிறவர் தனக்குப் பத்து சதவீதம் எடுத்துக்கொள்வார். குதிரைப் பந்தயத் தீர்ப்பைக் காட்டி இதையும் திறமை என்று சொல்பவர்கள் உண்டு. அந்தத் தீர்ப்பு பேசியது உரிமம் பெற்று, பதிவேடுகளோடு, ரேஸ் கிளப் வளாகத்துக்குள் நடந்த பந்தயத்தைப் பற்றி. பார்லர் மூலையில் தாளில் எழுதும் ஆளுக்கு அது கவசமாகாது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 112ஆம் பிரிவு இதில் இன்னும் கடுமையானது. குழுவாகச் சேர்ந்து செய்யும் சிறு குற்றங்களின் பட்டியலில் அனுமதியற்ற பந்தயமும் சூதாட்டமும் இருக்கின்றன. தண்டனை ஓராண்டுக்குக் குறையாமல் ஏழாண்டுவரை சிறை, கூடவே அபராதம். 1930 சட்டத்தின் தண்டனையோடு ஒப்பிட்டால் இது மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். தினமும் பந்தயம் சேர்க்கும் ஒரு கும்பலின் தாளில் உங்கள் பெயர் இருப்பது ஆபத்து. நீங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது அப்படி ஆரம்பித்தால், ஃப்ரேமை நிறுத்திவிட்டு, "சைடு பெட் வேண்டாம், இல்லேன்னா நாங்க ஆடல" என்று சொல்லிவிடுங்கள். நல்ல பார்லர்காரர் உங்கள் பக்கம்தான் நிற்பார். அவர் உரிமமும் அதில்தான் இருக்கிறது.

சங்கப் போட்டிகளில் பெயர் பதிந்து ஆட விரும்புகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பூலுக்கு உறவான ஸ்னூக்கரின் தொழில்முறை ஆட்டத்தில் வீரர்கள் எந்த ஸ்னூக்கர் ஆட்டத்தின்மேலும் பந்தயம் கட்டக் கூடாது. 2023இல் ஆட்ட முடிவுகளை விற்ற விவகாரத்தில் பத்துச் சீன வீரர்கள் தண்டிக்கப்பட்டார்கள், அதில் இருவருக்கு வாழ்நாள் தடை. பார்லரில் பழகும் பழக்கம்தான் பெரிய மேடைக்கும் கூட வரும்.

கைப்பேசி வழியே போனால் வேறு உலகம்

பார்லரில் நேருக்கு நேர் ஆடும் ஆட்டத்துக்கே பழைய விலக்கு. வாட்ஸாப் குழுவில் "இன்னைக்கு ஃபைனல், யாருக்கு எவ்வளவு?" என்று கேட்டு, ஜிபேயில் பணம் வாங்கினால் நீங்கள் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்துக்குள் கால் வைக்கிறீர்கள். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதில் பந்தயம் கட்டுகிறவருக்கே மூன்று மாதம்வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. நடத்துகிறவருக்கு மூன்றாண்டுவரை சிறை, பத்து லட்சம்வரை அபராதம். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அந்தத் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தது. சட்டத்தின் மற்ற பகுதி நின்றது.

கைப்பேசியில் காசு கட்டி ஆடும் எய்ட் பால் செயலிகளின் கதை தனி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடை செய்கிறது. நடத்துகிறவருக்கு மூன்றாண்டுவரை சிறையும் ஒரு கோடிவரை அபராதமும். விளம்பரம் செய்கிறவருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுகிறவருக்கும் தண்டனை உண்டு. "நம்ம ஆப்ல வந்து ஆடுங்க, போனஸ் தர்றேன்" என்று பார்லரில் துண்டுச் சீட்டு கொடுக்கிறவரிடம் சேராதீர்கள். அந்தச் சீட்டை விநியோகிக்கும் சின்ன வேலையும் வேண்டாம்.

ஜெயித்த பணம் வராவிட்டால்

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 30ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்ததை வசூலிக்க வழக்குப் போட முடியாது. முடிவு தெரியும்வரை மூன்றாவது ஆளிடம் கொடுத்து வைத்த பந்தயப் பணத்தை ஜெயித்தவர் என்ற முறையில் கேட்டும் போக முடியாது. 1959இல் கெருலால் பாரக் வழக்கில் உச்ச நீதிமன்றம் பந்தய ஒப்பந்தம் செல்லாதது, ஆனால் அதுவே சட்டவிரோதமானதாகிவிடாது என்று விளக்கியது. அந்த நுணுக்கம் உங்கள் பணத்தைத் திருப்பித் தராது.

தோற்றவர் காசோலை கொடுத்து அது திரும்பினால்? காசோலை மோசடி வழக்குக்குச் சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் இருக்க வேண்டும். பந்தயப் பாக்கி அப்படிப்பட்ட கடனல்ல. கைமாற்றுக் கடன் என்று பொய்யாக எழுதி வாங்கும் பத்திரமும் நீதிமன்றத்தில் உண்மை வெளிவந்தால் நிற்காது, பொய் சாட்சி சொன்ன தொல்லை மிஞ்சும். நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் மிரட்டி வாங்கினால் அது பணம் பறித்தல், நியாய சன்ஹிதா 308ஆம் பிரிவு. செல்லாத ஒப்பந்தத்தில் ஜெயித்தவர் கடைசியில் உண்மையான குற்றவாளியாகி நிற்பது இப்படித்தான் நடக்கிறது.

கையில் வந்த பணத்துக்கும் வரி உண்டு. பந்தயத்தில் வரும் வருமானத்துக்கு 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். தோற்ற தொகையை இதில் கழிக்க முடியாது. ஒரு மாதத்தில் ஐயாயிரம் ஜெயித்து ஐயாயிரம் தோற்றவர் சட்டக் கணக்கில் ஐயாயிரம் சம்பாதித்தவர்.

தொகையைப் படிப்படியாக ஏற்றும் ஆட்களிடம் தனிக் கவனம் வேண்டும். முதல் இரண்டு ஃப்ரேம் எளிதாகத் தோற்பார். மூன்றாவதில் "டபுள் வெச்சுக்கலாம்" என்பார். அதுவரை சாதாரணமாக விழுந்த கியூ பால் திடீரென்று நினைத்த இடத்தில் நிற்கும். முதல் ஃப்ரேமில் அவர் பந்து போட்டாரா என்று பார்க்காதீர்கள். பந்து விழாத அடிகளில் கியூ பால் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். தவறவிடும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு அடிக்க வழியில்லாத இடத்தில் அது நின்றால், எதிரில் இருப்பவர் புதியவர் அல்லர்.

காசு வைக்காமல் சூடாக ஆட

பார்லர்களில் பரவலாக இருப்பது தோற்றவர் டேபிள் கட்டணம் கொடுப்பது. கண்டிப்பாகப் பார்த்தால் அதுவும் ஒரு பணயமே. ஆனால் பார்லருக்கு வழக்கமான வாடகைதான் போகிறது, ஜெயித்தவர் கையில் பணம் ஏதும் வருவதில்லை. அதனால் தகராறு மிகக் குறைவு. ஆரம்பிக்கும் முன் இவற்றைப் பேசிவிடுங்கள்: ஃபவுல் ஆனால் கியூ பாலை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாமா, பாக்கெட் சொல்லி அடிக்க வேண்டுமா, பிரேக் மாறி மாறியா ஜெயித்தவருக்கா, பிரேக்கில் 8ஆம் எண் பந்து விழுந்தால் என்ன. கடைசிதான் அதிகச் சண்டைக்குக் காரணம். பல பார்லர்களில் அதை வெற்றி என்பார்கள். சர்வதேச விதிப்படி அது வெற்றியல்ல. 8ஐத் திரும்ப அதன் புள்ளியில் வைத்துத் தொடரலாம், அல்லது பந்துகளை மறுபடி அடுக்கி பிரேக் செய்யலாம்.

போட்டி வெறி உண்மையிலேயே வேண்டுமானால் சிறு டோர்னமென்ட் நடத்துங்கள். 16 பேர், நாக்-அவுட் என்றால் 15 ஆட்டம். 'முதலில் மூன்று' எய்ட் பால் ஒன்றுக்குச் சராசரியாக 40 நிமிடம். இரண்டு டேபிளில் முதல் சுற்றுக்கு நான்கு முறை, காலிறுதிக்கு இரண்டு, அரையிறுதிக்கும் இறுதிக்கும் ஒவ்வொன்று, ஆக எட்டு முறை, 320 நிமிடம். இறுதி ஆட்டத்தை 'முதலில் ஐந்து' என்று வைத்தால் ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கணக்கை இப்படிப் பிரிப்பது நல்லது. டேபிள் மணிக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டு டேபிள், ஆறு மணி நேரம், 2,400. நடுவருக்கு 500. கோப்பைகள் 800. மொத்தம் 3,700. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 250 என்றால் 4,000 வரும். மிச்சம் 300 கியூ கோலின் முனையில் தேய்க்கும் சாக்பீஸுக்கும் தண்ணீருக்கும். பரிசுத் தொகையை இதிலிருந்து எடுக்காதீர்கள். அதை ஒரு கடைக்காரரோ ஆதரவாளரோ தனியாகத் தரட்டும், எத்தனை பேர் சேர்ந்தாலும் மாறாத தொகையாக முன்கூட்டியே அறிவிக்கட்டும். நுழைவுக் கட்டணத்தைக் குவித்து அதையே ஜெயித்தவருக்குக் கொடுத்து, மிச்சத்தை பார்லர் வைத்துக்கொள்ளும்போதுதான் டோர்னமென்ட் பந்தயப் பானையாக மாறுகிறது.

விதிகள், கட்டணம், பரிசு மூன்றையும் ஒரே தாளில் எழுதி ஒட்டுங்கள். கட்டணத்துக்கு ரசீது கொடுங்கள். வரவு செலவுத் தாளை ஆட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னும் வையுங்கள். மாநிலச் சங்கமான தமிழ்நாடு பில்லியர்ட்ஸ் ஸ்னூக்கர் சங்கத்தின் போட்டிகளைப் பார்த்து அமைப்பைக் கற்றுக்கொள்ளலாம். ஸ்னூக்கருக்கு நம் ஊட்டி கிளப்பில்தான் 1882இல் விதிகள் எழுதி மாட்டினார்கள். அதிகாரிகள் காசு வைத்து ஆடிய பிளாக் பூலிலிருந்து வளர்ந்த ஆட்டம், எழுதி வைத்த விதியால் உலக விளையாட்டானது. எழுதப்பட்ட விதி இருக்கும் இடத்தில்தான் ஆட்டம் நிலைக்கிறது என்பதற்கு நீலகிரியைவிட நல்ல சான்று வேண்டாம்.

காவல் துறை வந்தால்

ஓடாதீர்கள். பின் கதவு வழியாக ஓடியவர் சாட்சியங்களிலேயே மோசமான சாட்சியத்தைத் தானே கொடுத்துவிட்டுப் போகிறார். கியூவைக் கீழே வைத்துவிட்டு நில்லுங்கள். சோதனை எந்த அதிகாரியின் ஆணையின்படி நடக்கிறது என்று மரியாதையாகக் கேட்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 105ஆம் பிரிவின்படி சோதனையும் பொருள் கைப்பற்றலும் ஒலி-ஒளியாகப் பதிவாக வேண்டும். உங்களிடமிருந்து பணம் எடுத்தால், கைப்பற்றியதைப் பதியும் மகஜரில் சரியான தொகையாக எழுதப்படுகிறதா என்று பாருங்கள். சட்டைப் பையிலிருந்த சம்பளப் பணத்தையும் 'டேபிளில் கிடந்தது' என்று எழுதினால் வழக்கின் நிறமே மாறிவிடும். அப்படி எழுதிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். டேபிள் வாடகைப் பில் கையில் இருந்தால் அதைக் காட்டுங்கள். நேரமும் தொகையும் அச்சான பில் நல்ல துணை.

கைது செய்தால் காரணத்தை அதே சன்ஹிதாவின் 47ஆம் பிரிவின்படி சொல்ல வேண்டும், 48ஆம் பிரிவின்படி உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் போக வேண்டும். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க 38ஆம் பிரிவு உரிமை தருகிறது. 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாவிட்டால் 15100 என்ற இலவச சட்ட உதவி எண் இருக்கிறது.

பெரும்பாலும் அடுத்து வருவது ஓர் ஆசை வார்த்தை: "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடுங்க, இன்னைக்கே முடிஞ்சிடும்." தொகை சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது குற்றத் தீர்ப்பு. அரசு வேலைக்கான சரிபார்ப்பில் 'தண்டனை பெற்றதுண்டா' என்ற கட்டத்தில் ஆம் என்று எழுத வேண்டிவரும். எய்ட் பால் ஆடிக்கொண்டிருந்தேன், பார்லருக்கு வாடகை மட்டுமே கொடுத்தேன் என்ற நிலையில் இருப்பவர், கையெழுத்துப் போடுமுன் ஒரு வழக்கறிஞரிடம் 11ஆம் பிரிவையோ 49ஆம் பிரிவையோ பற்றிக் கேட்டுவிட்டு முடிவெடுக்கட்டும்.